எழுத்தாணி அவரவர் கையில் இருக்கட்டும்

கணினியில் நிரல் எழுதப் படிக்கும் பிள்ளைகளுக்கு நம் பக்கத்து ஆய்வகங்கள் சிலவற்றில் ஒரு விதி போட்டிருக்கிறார்கள். "நாங்கள் தரும் மென்பொருளின் ஜன்னலுக்குள்ளேயே எழுது. உனக்குப் பழகிய எடிட்டரில் எழுதிவிட்டு இங்கே கொண்டுவந்து இணைக்காதே. இணைத்தால் தகராறு வருகிறது" என்பது அந்த விதி. தகராறு வருவது உண்மைதான். ஆனால் அந்த விதி தவறு என்பது என் கட்சி. தகராறு எங்கே என்று தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு, பிள்ளையின் கையிலிருக்கும் எழுத்தாணியைப் பிடுங்குவது தீர்வாகாது.

இது இளவட்டங்களின் சமாசாரம், நமக்கென்ன என்று தள்ளிவிட வேண்டாம். பேரன் பேத்தி இல்லாத வீடு நம் வாசகர்களில் குறைவு. மேலும், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளக் கணினிப் படிப்பு தேவையில்லை. பழைய சர்க்கார் ஆபீஸ் எப்படி நடந்தது என்று தெரிந்தால் போதும்.

முதலில் இரண்டு சொற்கள். எடிட்டர் என்பது வெறும் எழுத்துகளை எழுதவும் திருத்தவும் உதவும் கருவி. தடித்த எழுத்து, வண்ணம், படம் எதுவும் அதன் கோப்பில் சேராது. நிரல் சூழல் என்பது அந்த எழுத்தை வாங்கி, பிழை பார்த்து, இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றி ஓடவைக்கும் மென்பொருள். பெரும்பாலான சூழல்களுக்குள்ளேயே சொந்தமாக ஒரு சின்ன எடிட்டர் இருக்கும். அது பிடிக்காதவர்கள், அல்லது அது போதாதவர்கள், வெளியே உள்ள எடிட்டரைச் சூழலோடு இணைத்துக்கொள்வார்கள். அந்த இணைப்பில் வரும் கோளாறைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் இளநிலை உதவியாளராக இருந்த காலத்தில் ஒரு கடிதம் எப்படி வெளியே போகும்? தபால் வரும். தன்பதிவேட்டில் எண் போடுவேன். குறிப்பு எழுதி, வரைவு வைப்பேன். மேலே திருத்தி ஒப்புதல் வரும். பிறகு கோப்பு தட்டச்சர் மேசைக்குப் போகும். அவர் தூய நகல் அடித்துத் தருவார். வரைவையும் நகலையும் ஒப்புநோக்கிச் சுருக்கொப்பம் இடுவேன். அதிகாரி கையெழுத்திட்டதும் அனுப்புகைக்குப் போகும். என் மேசையிலிருந்து கிளம்பிய காகிதம் இன்னொருவர் கைக்குப் போய், வேலை முடிந்து, என் மேசைக்கே திரும்பி வரவேண்டும். அந்தத் தட்டச்சர்தான் வெளி எடிட்டர். என் மேசைதான் நிரல் சூழல்.

கணினியிலும் நடப்பது இதுவேதான். சூழல் ஒரு கோப்பை வட்டில் வைக்கிறது. எடிட்டரைக் கூப்பிட்டு "இதைத் திருத்து" என்கிறது. திருத்தி முடியும்வரை காத்திருக்கிறது. பிறகு அதே கோப்பைத் திரும்ப எடுத்துப் படிக்கிறது. கூப்பிடுதல், காத்திருத்தல், படித்தல் என்று மூன்று கட்டம். கோளாறு வந்தால் இந்த மூன்றில் ஒன்றில்தான் வரும். நான்காவதாக ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததல்ல. 1970-களில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வளர்ந்தபோதே பயனாளர் தனக்குப் பிடித்த எடிட்டரின் பெயரை ஓரிடத்தில் குறித்து வைக்கும் வழக்கம் வந்துவிட்டது. அந்தக் குறிப்புக்கு 'எடிட்டர்' என்றும் 'விஷுவல்' என்றும் இரண்டு பெயர்கள் உண்டு. தட்டச்சுப்பொறி மாதிரி காகிதத்தில் வரிவரியாக அடிக்கும் முனையங்களுக்கு ஒன்று, திரை உள்ள முனையங்களுக்கு இன்னொன்று. எந்த நிரலாவது உங்களை எழுதச் சொல்ல வேண்டுமென்றால், தன் எடிட்டரைத் திணிக்காமல் நீங்கள் குறித்து வைத்ததைப் பார்த்து அதைத் திறக்கும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மரியாதை அது. இன்றைய ஆய்வகத்தில் அந்த மரியாதை குறைந்துபோயிருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் 'புருயோன்' என்று ஒரு கசடு நோட்டு இருக்கும். அதில் எப்படி வேண்டுமானாலும் கிறுக்கலாம். ஆசிரியர் அதைத் தொடமாட்டார். நல்ல நோட்டில் மட்டும் கோடு தப்பக்கூடாது, மை சிந்தக்கூடாது. கசடு நோட்டு பிள்ளைக்குச் சொந்தம், நல்ல நோட்டு பள்ளிக்குச் சொந்தம் என்று அந்த வயதிலேயே புரிந்துவிடும். அதே பள்ளியில் தெக்கார்த் 1637-இல் எழுதிய 'முறை பற்றிய உரை'யின் நான்கு விதிகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அவற்றில் இரண்டு எனக்கு ஆயுள் முழுக்க உதவின. சிக்கலைச் சின்னச் சின்னப் பகுதியாகப் பிரி என்பது ஒன்று. எதையும் விட்டுவிடவில்லை என்று உறுதியாகும்வரை எண்ணிச் சரிபார் என்பது மற்றொன்று. அந்த வழியிலேயே நம் மூன்று கட்டங்களையும் பிரித்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி: கூப்பிட்ட குரல் உரியவருக்குக் கேட்டதா?

எடிட்டர் திறக்கவே இல்லை என்றால் முகவரி தப்பு. விண்டோஸில் பல மென்பொருள்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற அடைவில் உட்காரும். நடுவே ஓர் இடைவெளி இருப்பதால், மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் இயந்திரம் அதை இரண்டு துண்டாகப் படித்து, 'புரோகிராம்' என்று ஒருவரைத் தேடும். அப்படி ஒருவர் இல்லை. "காணவில்லை" என்று செய்தி வரும். எடிட்டர் இருக்கிறது, கூப்பிட்ட விதம்தான் தப்பு.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சூழலில் எந்தக் கட்டளை எழுதியிருக்கிறதோ, அதையே கட்டளைச் சாளரத்தில் கையால் அடித்துப் பாருங்கள். அங்கும் திறக்கவில்லையென்றால் முகவரியைத் திருத்துங்கள். அங்கே திறந்து சூழலிலிருந்து மட்டும் திறக்கவில்லையென்றால், சூழலுக்குத் தெரிந்த பாதைப் பட்டியல் வேறு, உங்கள் சாளரத்துக்குத் தெரிந்த பட்டியல் வேறு என்று பொருள். படத்தைச் சொடுக்கித் திறக்கும் மென்பொருளுக்குச் சாளரத்தில் நாம் செய்த ஏற்பாடுகள் பல சமயம் தெரிவதில்லை. அப்போது முழு முகவரியையும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது கேள்வி: திரும்பி வரும்வரை காத்திருந்ததா?

தட்டச்சர் கோப்பை வாங்கிக்கொண்டு "சரி" என்று தலையாட்டினார் என்பதற்காக வேலை முடிந்ததாக நினைத்து, வெற்றுத் தாளை அனுப்புகைக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இன்றைய எடிட்டர்கள் சில இப்படித்தான் தலையாட்டும். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்பது பிள்ளைகளிடம் மிகப் பிரபலம். அதைக் கூப்பிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு, கூப்பிட்டவரிடம் உடனே "முடிந்தது" என்று சொல்லிவிடும். கூப்பிட்ட நிரல் கோப்பைப் படிக்கும். நீங்கள் இன்னும் ஓர் எழுத்துகூட அடித்திருக்க மாட்டீர்கள்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்ற நிரல் பதிவேட்டில் இது தினமும் நடக்கிற கூத்து. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எழுதச் சொல்லி கிட் எடிட்டரைத் திறக்கும். எடிட்டர் உடனே திரும்பிவிட்டால், குறிப்பு காலியாக இருக்கிறது என்று சொல்லிப் பதிவையே ரத்து செய்துவிடும். மருந்து ஒரே சொல்தான். எடிட்டரின் பெயருக்குப் பின்னால் இரண்டு சிறு கோடு போட்டு 'வெயிட்' என்று சேர்க்க வேண்டும். காத்திரு என்று அர்த்தம். இதையும் கையால் சோதிக்கலாம்: கட்டளையை அடித்து எடிட்டர் திறந்ததும் சாளரத்தைப் பாருங்கள். எடிட்டரை மூடுவதற்கு முன்பே அடுத்த கட்டளைக்கு அது தயாராகிவிட்டால், காத்திருக்கவில்லை என்று பொருள்.

மூன்றாவது கேள்வி: எழுதியவரும் படிப்பவரும் ஒரே எழுத்தைத்தான் பார்க்கிறார்களா?

இந்த இடத்தில்தான் ஆய்வகங்கள் அதிகம் திணறுகின்றன. ஏனென்றால் கோளாறு கண்ணுக்குத் தெரிவதில்லை. நான்கு உதாரணம் சொல்கிறேன்.

பழைய தட்டச்சுப்பொறியில் வரி முடிந்ததும் இடக்கைப் பக்கக் கம்பியைத் தள்ளுவோமே, ஞாபகமிருக்கிறதா? அந்த ஒரு தள்ளலில் உருளை வலப்புறம் போகும், தாளும் ஒரு வரி மேலேறும். இரண்டு வேலை. விண்டோஸ் இன்றும் வரி முடிவில் அந்த இரண்டையும் இரண்டு குறிகளாகப் பதிகிறது. யூனிக்ஸ் வழிவந்தவை ஒன்றை மட்டும் பதிகின்றன. விண்டோஸின் நோட்பேடு, ஒற்றைக் குறிக் கோப்பைத் திறந்தால் எல்லாவற்றையும் ஒரே வரியாகக் கொட்டிக் காட்டும். அந்தக் குறை தீர்ந்தது 2018-இல்தான். எதிர்த்திசையிலும் சிரமம் உண்டு. விண்டோஸ் முறையில் சேமித்த கட்டளைக் கோப்பை லினக்ஸில் ஓட்டினால், முதல் வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியையும் பெயரோடு சேர்த்துப் படித்துவிட்டு, "அப்படி ஒன்று இல்லையே" என்று சொல்லும்.

இரண்டாவது, மேற்கோள் குறி. வேர்டு போன்ற மென்பொருளில் மேற்கோள் குறி அடித்தால் அது அழகுக்காக வளைத்துப் போடும். அச்சுப் புத்தகத்துக்கு அது அழகு. நிரலுக்கு அது விஷம். நேர்க்குறி மட்டுமே அங்கே செல்லும். பாடக்குறிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் பிழை.

மூன்றாவது, பிரான்சு நாட்டு நிரலாளர்களின் சொந்தத் தொல்லை. பிரெஞ்சு அச்சு மரபில் கேள்விக்குறிக்கும் ஆச்சரியக்குறிக்கும் முன்னால் பிரியாத ஓர் இடைவெளி விடுவார்கள். லினக்ஸில் பிரெஞ்சு விசைப்பலகை வைத்திருப்பவர், வலப்பக்க ஆல்ட் விசையை அழுத்தியபடி இடைவெளிப் பட்டையைத் தட்டினால் அந்தப் பிரியாத இடைவெளி விழும். கட்டளைகளை இணைக்கும் நேர்க்கோட்டுக் குறியை அடிக்கவும் அதே ஆல்ட் விசைதான். விரலை எடுக்க ஒரு நொடி தாமதித்தால் போதும், சாதாரண இடைவெளிக்குப் பதில் அது விழுந்துவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இயந்திரமோ ஏற்காது.

நான்காவது நமக்கு மிக நெருக்கமானது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற ஊரின் பெயரே யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படக்கூடும்! முதலில் வரும் 'ஸ்ரீ'யை, ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் அமைக்கலாம். ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் அமைக்கலாம். இந்த ஶ யூனிகோடின் 4.1-ஆம் பதிப்பில் 2005-இல் சேர்ந்தது. அதற்கு முன் ஸ மட்டுமே வழி. இன்றைய எழுத்துருக்கள் பலவற்றில் இரண்டும் ஒரே உருவமாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே, யூ.டி.எஃப்-8 என்ற முறையில் அந்த ஒரு 'ஸ்ரீ'க்குப் 12 பைட்டுகள். அவற்றில் ஒரே ஒரு பைட்டு மட்டும் மாறியிருக்கும். ஒரு விசைப்பலகையில் அடித்த அடைவுப் பெயரை இன்னொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் அடைவு "இல்லை" என்று பதில் வரலாம். ஆண்டாள் கோயில் கோபுரத்தடியில் நின்றுகொண்டு ஊர் எங்கே என்று கேட்பது போலத்தான்.

யூ.டி.எஃப்-8 என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 1992 செப்டம்பரில் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் மேசை விரிப்புத் தாளில் வரைந்து உருவாக்கிய முறை அது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, பிரெஞ்சில் தலையில் கோடு போட்ட எழுத்துக்கு இரண்டு, தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் மூன்று. எழுதியவர் இந்த முறையில் எழுதி, படிப்பவர் பழைய ஐரோப்பிய முறையில் படித்தால், ஒரு தமிழ் எழுத்து மூன்று அந்நியக் குறிகளாகச் சிதறும். தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' என்ற குறியும் பக்கம் முழுக்க வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பார்த்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். அதை அந்த நிலையில் மீண்டும் சேமிக்கவும் வேண்டாம். மூடிவிட்டு, எடிட்டரில் குறியாக்கம் என்ற இடத்தில் யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்து திறந்தால், தமிழ் அப்படியே திரும்பி வரும்.

இனி நான்காவது கேள்வி: மேசையில் இருப்பது எந்த நகல்?

இதற்கு ஒரு நடப்பைச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு பெண், டிப்ளமா படிக்கிறாள். பிறவியிலேயே பார்வை குறைவு. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாக, கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக வைத்தால்தான் அவளால் வரியை விடாமல் படிக்க முடியும். அவள் எடிட்டர் அதைச் செய்து தருகிறது. ஆய்வகச் சூழலின் சொந்த ஜன்னலில் எழுத்தைப் பெரிதாக்கலாம். ஆனால் பட்டியல்களும் பிழைச் செய்திகளும் எறும்பாகவே நிற்கும். மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி செய்து கொண்டிருந்தாள். தன் எடிட்டரில் ஐந்து விநாடியைப் பத்தாக மாற்றினாள். சூழல் "வெற்றி" என்றது. கருவி மட்டும் ஐந்து விநாடியிலேயே நின்றது. எத்தனை முறை மாற்றினாலும் அதே கதை. ஆய்வகத்தில், "உன் எடிட்டரால்தான் எல்லாம், இனி அதைத் தொடாதே" என்றுவிட்டார்கள்.

"தாத்தா, நான் செய்தது என்ன தப்பு?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

"தப்பை நீயே போடு பார்க்கலாம்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கோப்பின் நடுவில் அர்த்தமில்லாத ஒரு சொல்லை வேண்டுமென்றே அடித்துச் சேமிக்கச் சொன்னேன். பிறகு சூழலில் சோதிக்கச் சொன்னேன். அப்போதும் "வெற்றி" என்றே வந்தது. அந்த நொடியிலேயே விஷயம் வெளிச்சமாகிவிட்டது. பிழையுள்ள கோப்பைப் படித்திருந்தால் சூழல் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லையென்றால் அது வட்டிலுள்ள கோப்பைப் படிக்கவே இல்லை. காலையில் திறந்தபோது தன் நினைவில் ஏற்றிவைத்த பழைய நகலையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறது. தட்டச்சர் புது நகல் அடித்துக் கொடுத்தும், மேசையிலிருந்த பழைய நகலில் அதிகாரி கையெழுத்துப் போட்ட கதை.

மருந்து அமைப்புப் பக்கத்தில் இருந்தது. 'வெளி எடிட்டரைப் பயன்படுத்து' என்ற கட்டத்தில் ஒரு டிக். இந்த வகைச் சூழல்களில் பெயர்பெற்ற ஆர்டுயினோவின் முதல் தலைமுறை மென்பொருளிலும் இப்படி ஒரு கட்டம் நல்ல முறையில் வைத்திருந்தார்கள். அதை டிக் செய்தால் உள் ஜன்னல் சாம்பல் நிறமாகி ஒதுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சோதனைக்கும் வட்டிலிருந்தே புதிதாகப் படிக்கும். அவள் டிக் செய்து சோதித்தாள். நாங்கள் போட்ட அர்த்தமில்லாத சொல்லைச் சுட்டிக்காட்டிப் பிழைச் செய்தி வந்தது. பிழை வந்ததற்காக ஒரு மாணவி கைதட்டியதை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சொல்லை எடுத்த பிறகு இன்னொரு பிழை தலைகாட்டியது. அது பாடக்குறிப்பிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறி. அதையும் மாற்றினாள். கருவி பத்து விநாடிக்கு நின்றது.

ஆக, எடிட்டர் குற்றவாளி அல்ல. அவளும் அல்ல. இரண்டு கருவிகளுக்கு நடுவே இருந்த ஒரு கட்டம். ஆனாலும் செய்முறைத் தேர்வில் அவள் தன் எடிட்டரை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு இதுவரை பதில் இல்லை. மனு கொடுத்திருக்கிறாள். வரைவு எழுத மட்டும் உதவினேன்; கையெழுத்து அவளுடையது.

ஆய்வகத்தார் தரப்பையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வது மூன்று.

ஒன்று, வகுப்பில் ஆளுக்கொரு எடிட்டர் வைத்தால் ஒரே ஆசிரியர் எல்லாவற்றையும் எப்படிச் சரிபார்ப்பார்? சரிபார்க்க வேண்டாம். வட்டில் வந்து சேரும் கோப்பைச் சரிபார்த்தால் போதும். எழுத்து யூ.டி.எஃப்-8, வரி முடிவு இன்னது, கோப்பின் பெயர் இன்னது என்று மூன்று விதி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தூய நகலுக்கு எங்கள் அலுவலகத்தில் ஓர விளிம்பு இவ்வளவு, வரி இடைவெளி இவ்வளவு என்று விதி இருந்தது. வரைவை நீல மையில் எழுதினேனா பென்சிலில் எழுதினேனா என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டு, இன்றைய எடிட்டர்கள் விடையைத் தாமே எழுதித் தருகின்றன. தேர்வில் அது காப்பியடிப்பதற்குச் சமம். இது நியாயமான கவலை. அதற்கு வழி, தேர்வு நேரத்தில் இணையத்தைத் துண்டிப்பது, அந்த உதவி வசதிகளை நிறுத்திவைப்பது. எல்லா எடிட்டரையும் தடை செய்வது, யாரோ பிட் கொண்டுவந்தார்கள் என்பதற்காக எல்லோருடைய மூக்குக்கண்ணாடியையும் வாங்கி வைப்பது போல.

மூன்று, முதல் வருஷப் பிள்ளைக்கு இந்தச் சிக்கலெல்லாம் எதற்கு? இதை ஒப்புக்கொள்கிறேன். நீச்சல் பழகும்போது சுரைக்குடுக்கை கட்டுவது சரிதான். முதல் ஆறு மாதம் எல்லோரும் உள் ஜன்னலிலேயே எழுதட்டும். ஆனால் கண் தெரியாத, கை நடுங்கும் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே விலக்கு வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதியைக் கல்வி நிலையங்கள் செய்து தர வேண்டும் என்கிறது. பார்வையற்றவர்களுக்காக 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. அது சில ஜன்னல்களை நன்றாகப் படிக்கும், சிலவற்றில் தடுமாறும். எந்த ஜன்னலில் நன்றாகப் படிக்கிறதோ அதில் எழுத விடுவது சலுகையல்ல, சட்டம் சொல்லும் கடமை.

உலகம் எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்க்கலாம். முன்பு பத்து எடிட்டர், பத்து நிரல்மொழி என்றால் ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு இணைக்க நூறு இணைப்புகள் வேண்டியிருந்தன. 2016-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு பொதுப் பேச்சுமுறையை வெளியிட்டது. எடிட்டர் ஒவ்வொன்றும் அந்த முறையைக் கற்றுக்கொண்டால் போதும். மொழி ஒவ்வொன்றும் அதே முறையில் பதில் சொன்னால் போதும். நூறு வேலை இருபதாகக் குறைந்தது. சிக்கல் வந்தபோது "எல்லோரும் ஒரே எடிட்டருக்கு வாருங்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை. நடுவில் இருக்கும் பேச்சைப் பொதுவாக்கினார்கள்.

இதே பாடத்தைத் தமிழர்களாகிய நாம் முன்பே படித்தவர்கள். 1990-களில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு தமிழ் எழுத்துரு. ஓர் அலுவலகத்தில் அடித்த கோப்பை இன்னோர் அலுவலகத்தில் திறந்தால், அதே எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கல்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, பொதுக் குறியாக்கமும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. பிறகு 2010 ஜூனில் யூனிகோடைத் தமிழக அரசு தன் தரமாக ஆணையிட்டது. இன்றைக்கு நிலைமை என்ன? தட்டச்சு உயர்நிலை முடித்தவர் பழைய தட்டச்சு விசையிலேயே அடிக்கிறார். புதியவர் தமிழ் 99-இல் அடிக்கிறார். கைபேசிப் பிள்ளை ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக்குகிறது. மூன்று பேர், மூன்று பழக்கம். வந்து சேரும் யூனிகோடு எழுத்து ஒன்று. பேனா பலவாக இருக்கலாம், தாள் ஒன்றாக இருந்தால் போதும் என்று நிரூபித்தவர்கள் நாம். எழில் என்ற நிரல்மொழியில் 'பதிப்பி' என்று தமிழிலேயே கட்டளை எழுதவும் முடிகிறது. அதை முத்து அண்ணாமலை 2007 வாக்கில் உருவாக்கத் தொடங்கினார். அந்த வசதிக்கும் அடிப்படை, எழுதுகிறவரும் படிக்கிற இயந்திரமும் ஒரே குறியாக்கத்தை ஒப்புக்கொண்டதுதான்.

ராஜபாளையத்திலும் கிருஷ்ணன்கோவிலிலும் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரிகளும் இருக்கின்றன. பஞ்சாலைக்கும் பேண்டேஜ் துணிக்கும் பெயர்போன வட்டாரத்திலிருந்து பிள்ளைகள் நிரல் எழுதும் வேலைக்குப் போகிறார்கள். வேலைக்குப் போன இடத்தில் யாரும் அவர்களுக்கு எந்த எடிட்டர் என்று சொல்லித் தரப்போவதில்லை. இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தான் அங்கே நிலைப்பார். தடை விதிக்கும் ஆய்வகம் பார்வை குறைந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் அநியாயம் செய்யவில்லை. மற்ற பிள்ளைகளும் கற்றிருக்க வேண்டிய ஒரு பாடத்தையும் சேர்த்தே பறிக்கிறது.

வாசகர்களில் பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலர்கள். சிலர் கல்லூரிக் குழுக்களிலும் பெற்றோர் சங்கங்களிலும் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இந்த ஒரு பொருளை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள்: கோப்புக்கு விதி, எடிட்டருக்கு விடுதலை, தேவைப்பட்டவருக்கு முதல் நாளிலிருந்து விலக்கு. வீட்டில் பேரனோ பேத்தியோ "கம்ப்யூட்டர் நான் எழுதியதை எடுக்கவில்லை" என்று முகம் சுளித்தால், நிரல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நான்கு கேள்வியைக் கேளுங்கள். கூப்பிட்டது கேட்டதா? காத்திருந்ததா? இருவரும் ஒரே எழுத்தைப் பார்க்கிறார்களா? மேசையில் இருப்பது புது நகலா, பழையதா? விடை பிள்ளையே சொல்லிவிடும். கேட்க ஆள் இருந்தால் போதும்.